முள்ளங்கித் தண்ணியும் மூன்றாம் ஓலையும்

என் மனசை விட்டு இறங்காத மாப்பிள்ளை ஞானதுரைக்கு,

நீ இருக்கிற இடத்தில் நலம் விசாரிப்பது முறையா என்று எனக்குத் தெரியவில்லை. இங்கே நாங்கள் நலம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் எழுதுகிற கடிதம் இது. எழுத்துப் பிழை இருந்தால் அச்சுக் கோப்பவர் திருத்திவிடுவார். மற்ற பிழைகள் என்னுடையவை.

இதை உங்கள் சபை மலரில் போட வேண்டும் என்று போதகரிடம் போய் நின்றேன். நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒருவன் சபை மலரில் இடம் கேட்டால் அந்த மனிதர்தான் என்ன செய்வார்? தனியாகக் கல்லறைக்குப் போய் வாசித்துவிட்டு வரலாமே என்றார். அது போதாது என்றேன். நீ அன்றைக்குச் சொன்னதைச் சபை முழுக்கக் கேட்டது. அப்படியானால் நான் சொல்லப்போவதையும் சபை முழுக்கக் கேட்கட்டும். அவர் கொஞ்ச நேரம் என் நெற்றியையே பார்த்துவிட்டுச் சரி என்றார்.

உன்னைப் பார்த்திராத இளவட்டங்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன், நீ கோபித்துக்கொள்ளாதே. தேனி பஜாரில் உனக்கும் எனக்கும் அடுத்தடுத்த கடை. உனக்கு மொச்சை, உளுந்து, துவரை மொத்த வியாபாரம். எனக்குச் சாக்கு, சணல், தார்ப்பாய். உன் மனைவி பாக்கியத்தை நான் தங்கச்சி என்று கூப்பிட்டேன். அதனால் நீ எனக்கு மாப்பிள்ளை ஆனாய், நான் உனக்கு மச்சான் ஆனேன், உன் ஒரே மகள் எஸ்தருக்கு மாமா ஆனேன். வேதமும் திருநீறும் இதில் குறுக்கே வரவில்லை.

உன் மூக்கு பஜாருக்கே தெரிந்த மூக்கு. மயிலாடும்பாறை மொச்சையை ஒரு கை அள்ளி முகர்ந்தால் போதும், காய் பறித்தபோது மழை பெய்ததா இல்லையா என்று சொல்லிவிடுவாய். போடியில் ஏலக்காய் வாங்கப் போகிறவர்கள் உன்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போவார்கள். என் மூக்கோ பிறந்ததிலிருந்து சளி பிடித்த மூக்கு. மூக்குக்கண்ணாடி மாட்டுவதைத் தவிர அதனால் எனக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. "மூக்கில்லாத யாவாரி" என்று நீதான் எனக்குப் பட்டம் கட்டினாய். வட்டாரமே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தப் பட்டத்தின் விலை இப்போதுதான் எனக்குத் தெரிகிறது மாப்ளே.

எமர்ஜென்சிக்கு முந்தின வருஷங்கள் அவை. ஆடி கழிந்தால் கடைக்குப் பின்னால் சரக்கு அடுக்குகிற உன் கிட்டங்கியில் மொச்சைக்கு வண்டு விழும். பொட்டுப் பொட்டாக ஓட்டை. வேப்பிலை போட்டாய், சாம்பல் போட்டாய், அது பாட்டுக்குத் தின்றது. அப்போதுதான் மதுரையிலிருந்து அந்த மருந்து வந்தது. கார்பன் டை சல்பைடு. என் வாய்க்குள் அந்தப் பெயர் நுழைய ஒரு மாதம் ஆனது. டின்னைத் திறந்தவுடன் எல்லோரும் வாசலுக்கு ஓடினார்கள். அழுகின முள்ளங்கியைச் சாக்கில் கட்டிவைத்த மாதிரி நாற்றமாம். நான் மட்டும் ஒன்றும் தெரியாமல் உள்ளேயே நின்றேன். முள்ளங்கித் தண்ணி என்று நீ அதற்குப் பெயர் வைத்தாய்.

விசித்திரமான சரக்கு அது. தண்ணீரைவிடக் கனம். டின்னுக்குள் அதன்மேல் தண்ணீர் ஊற்றி வைப்பாய். தண்ணீர் மேலே மூடி மாதிரி நிற்க, மருந்து அடியில் சத்தம் காட்டாமல் கிடக்கும். அதன் ஆவியும் காற்றைவிடக் கனம். முதல் தடவை நாம் மருந்து ஊற்றிய தட்டைத் தரையில் வைத்து ஏமாந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? மேல் மூட்டை வண்டெல்லாம் உயிரோடு ஊர்ந்தன. அப்புறம்தான் அடுக்கின் உச்சியில் தட்டை வைத்து, மருந்தை ஊற்றி, என் தார்ப்பாயால் மூடினோம். ஆவி தானாகக் கீழே இறங்கி, மூட்டை மூட்டையாகப் புகுந்து வேலையை முடித்தது. வண்டுக்குப் பாடை உன்னுடையது, போர்த்துகிற துணி என்னுடையது என்று நான் பீற்றிக்கொண்டேன்.

வண்டு செத்தது. ஆனால் பஜார் வழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. வாங்க வருகிறவர் முழங்கை வரை மூட்டைக்குள் கையை விடுவார், அடிச்சரக்கை அள்ளுவார், முகர்வார், ஒன்றைக் கடித்துப் பார்ப்பார். அதற்கப்புறம்தான் பேச்சே. கம்பத்திலிருந்து வந்த வியாபாரி ஒருவர் உன் மொச்சையை முகர்ந்துவிட்டுக் கீழே போட்டார். "என்னண்ணே, மொச்ச கேட்டா முள்ளங்கி குடுக்கீக?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். உன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். மூக்குக்குப் பேர் போனவனின் சரக்கை இன்னொரு மூக்கு தள்ளிவிட்டது. அன்றைக்கே மதுரைக்குப் பஸ் ஏறினாய்.

அங்கே ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்த்த உன் சித்தப்பா மகன்தான் வழி சொன்னார். நாற்றம் மருந்துடையது இல்லை, அதில் கலந்திருக்கிற வேறு கந்தக அழுக்குகளுடையது, அதை எடுத்துவிட்டால் லேசான இனிப்பு வாசம்தான் வரும் என்றார். எடுக்கிற முறையையும் சொன்னார். கூடவே இரண்டு எச்சரிக்கை. ஒன்று, தீ. நெருப்பே வேண்டாம், சூடான இரும்பு பட்டாலே பற்றிக்கொள்ளும். இரண்டாவது, காற்றோட்டமான வெட்டவெளியில் செய்ய வேண்டும், முகர்ந்து பார்க்கவே கூடாது, அது நரம்பைப் பிடிக்கும்.

முதல் எச்சரிக்கையை நீ வேதவசனமாகப் பிடித்துக்கொண்டாய். இரண்டாவதை என்னிடம் சொல்லிவிட்டு நீயே சிரித்தாய். "மோந்து பாக்காம சரக்க எப்பிடி மச்சான் வெளிய விடுறது?"

நியாயமான கேள்வி என்றுதான் எனக்கும் பட்டது. பஜாரில் பிறந்து வளர்ந்த எவனுக்கும் அப்படித்தான் பட்டிருக்கும்.

கிணற்றுக்குப் போடுகிற பெர்மாங்கனேட்டைக் கரைத்து ஊற்றிக் குலுக்கினாய். பிறகு நாட்டு மருந்துக் கடையில் பாதரசம் வாங்கி வந்து, அதோடு சேர்த்துக் குலுக்கினாய். பளபளவென்று இருந்த ரசம் கருத்துப் போனது. கருத்ததை எடுத்துவிட்டுப் புது ரசம். அதுவும் கருத்தால் இன்னும் புதுசு. ரசம் முகம் பார்க்கிற மாதிரி பளபளப்பாகவே நின்றால்தான் அழுக்கு தீர்ந்தது என்று கணக்கு. கடைசியில் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி வடிக்க வேண்டும். அதற்கு அடுப்பே வேண்டாம். குளிக்கிற வெந்நீரில் குடுவையை உட்கார வைத்தால் அந்தச் சூட்டுக்கே கொதித்துக் கிளம்பும். குளிர்ந்த குழாய் வழியாக இந்தப் பக்கம் சொட்டுச் சொட்டாக விழும். கிட்டங்கிக்குள் அடுப்பு மூட்டக் கூடாது என்பதால் வெந்நீர் சந்து தாண்டி என் வீட்டிலிருந்து வந்தது. ஆக, இந்த விஞ்ஞானத்தில் என் பதவி வெந்நீர்க்காரன். வாளியைத் தூக்கிக்கொண்டு நான் சந்தில் வரும்போது, கல்யாண மாப்பிள்ளைக்கா பிரசவத்துக்கா என்று தெருவே கேட்கும்.

முதல் குப்பி வடிந்த நாள் நீ குழந்தை மாதிரி ஆகிவிட்டாய். மஞ்சளாக இருந்த சரக்கு கண்ணாடி மாதிரி நின்றது. என் மூக்குக்கு நேரே நீட்டி, "மோந்து பாரு மச்சான்" என்றாய். "மணக்குது மாப்ளே" என்றேன். எனக்கு ஒரு மணமும் தெரியவில்லை. உன் சந்தோஷத்தைப் பார்த்துச் சொன்னேன்.

வெட்டவெளியில்தான் ஆரம்பித்தாய், அதைச் சொல்லியாக வேண்டும். பின்வாசலில், காற்றில். பக்கத்து வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு காப்பி குடிக்காமல் எழுந்து போனார்கள். அந்த வீட்டு அம்மா உன் வாசலில் வந்து நின்று அழுதார். அடுத்த நாளே கிட்டங்கியின் பின் அறைக்கு மாறினாய், ஜன்னலைச் சாத்தினாய், இடுக்கில் என்னுடைய பழைய சாக்கைத் திணித்தாய். ஊருக்குத் தொந்தரவு கூடாது என்று செய்தது. அதற்குப்பின் அந்த ஆவி போக இடம் உன் மூக்கு ஒன்றுதான்.

சுத்தம் செய்தது அப்படியே நிற்கவும் செய்யாது. வெளிச்சம் பட்டால் மறுபடி மஞ்சளாகும், மறுபடி நாறும். அதனால் ஒவ்வொரு அடுக்குக்கும் புதிதாக வடித்தாய். குழம்புக்கு உப்புப் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு படியிலும் முகர்ந்தாய். நாற்றம் இருந்தவரை உன் மூக்கு விலகியாவது நின்றது. நாற்றம் போனதும் விலகக் காரணமே இல்லாமல் போனது.

உன் கோபம் எப்போது ஆரம்பித்தது? இதைத்தான் நான் பல நாள் யோசித்துப் பார்க்கிறேன். முதலில் பார்த்தது மூட்டை தூக்குகிற பாண்டி விஷயத்தில். அவன் காதில் பீடியைச் செருகிக்கொண்டு உள்ளே வந்தான். நீ அவனை வெளியே இழுத்துப் போனாய். தரையில் ரெண்டு சொட்டு மருந்து விட்டு, சிவக்கப் பழுக்காத ஒரு சூட்டுக்கம்பியைக் கிட்டே கொண்டுபோனாய். நீலமாகப் பற்றியது, கந்தகப் புகை தொண்டையைக் கவ்வியது. "ஏலே, இது பருப்புக் கிட்டங்கின்னு நெனச்சியா?" என்று கன்னத்தில் ஒன்று வைத்தாய். அன்றைக்கு அத்தனை பேரும் உன்னை மெச்சினோம். முதலாளி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நான்தான் சத்தமாகச் சொன்னேன்.

அடுத்த மாதம் பாண்டி தண்ணீர் குடித்ததற்கு அடி வாங்கினான். அதற்கடுத்து, மெதுவாக நடந்ததற்கு.

தலை வலிக்கிறது என்றாய். கெட்ட கனவு வருகிறது என்றாய். பாக்கியம் என் வீட்டு வாசலில் வந்து நின்று, "அண்ணே, இது எங்க வீட்டுக்காரரு இல்லண்ணே" என்று சொன்னது. நாங்கள் அதை ஒரு பேச்சாக எடுத்துக்கொண்டோம். எந்தப் பெண்சாதி அப்படிச் சொல்லாமல் இருந்திருக்கிறாள்? புருஷன் என்றால் எரிந்து விழுவான், அப்பன் என்றால் கத்துவான், முதலாளி என்றால் கை நீட்டுவான் என்று ஆம்பளைக்கு இவ்வளவு கோபத்தை நாம் ஒதுக்கி வைத்திருக்கிறோம். அந்தக் கூட்டத்துக்குள் ஒரு நோய் வந்து உட்கார்ந்தால் யார் கண்ணுக்குத் தெரியும்? நானும் ஒரு அப்பன்தான். அன்று காலையில்கூட என் மகன் முருகேசனைச் செருப்பு சரியாக விடவில்லை என்று கத்தியிருந்தேன்.

எஸ்தருக்கு உத்தமபாளையத்துப் பள்ளிக்கூட வாத்தியார் தேவராஜை நீயே தேடிப் பிடித்தாய். நீயே போய்ப் பேசினாய். உங்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை சபையில் ஓலை வாசிப்பார்கள், தடை ஏதும் இருந்தால் தெரிவிக்கலாம் என்று கேட்பார்கள். எவரும் எழுந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. மூன்றாவது ஓலைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தாய். ஆராதனை முடிந்தால் பிரியாணி என்பதால் நான் தவறாமல் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன்.

ஜன்னலோரம் மூன்றாவது வரிசை உன் இடம். போதகர் பேர்களை வாசித்தார். தடை உண்டா என்று கேட்டார். நீ எழுந்தாய். தண்ணீர் குடிக்கப் போகிறாய் என்று நினைத்தேன்.

"இவ எம் மக இல்ல. இந்தச் சபையில ஓலை வாசிக்கத் தகுதியில்லாதவ."

அவ்வளவுதான் சொன்னாய். உன் கை நடுங்கியதை நான் பார்த்தேன், ஆத்திரம் என்று நினைத்தேன். எஸ்தர் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து, ஒருவர் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனாள். தேவராஜ் நல்ல பையன், அவள் பின்னாலேயே போனான். திண்டுக்கல்லில் அவன் சொந்தக்காரர்கள் நாலு பேரை வைத்துக் கல்யாணம் முடித்தார்கள். அதற்கப்புறம் அவள் தேனி மண்ணை மிதிக்கவில்லை.

அந்த வாரமே என் முறை வந்தது. வாளியோடு வந்தவனை வாசலில் நிறுத்தி, வெந்நீரில் ஏதோ கலந்து கொண்டுவருகிறேன் என்றாய், உன்னைக் கொளுத்தப் பார்க்கிறேன் என்றாய். பஜார் வேடிக்கை பார்த்தது. வாளியை அங்கனயே கவிழ்த்துவிட்டு வந்துவிட்டேன். என் கடைக்கும் உன் கடைக்கும் நடுவில் ஒரு செங்கல் சுவர். அதைத் தாண்ட நம் இருவராலும் முடியாமல் போனது.

ஆனாலும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நீ நடந்து போவாய், உன் ஒரு செருப்பு பின்னால் கழன்று கிடக்கும். உனக்குத் தெரியாது. ஒற்றைச் செருப்போடு, வெயிலில் கொதிக்கிற தார் ரோட்டில், ஒன்றும் நடக்காதவன் போலப் போய்க்கொண்டிருப்பாய். ஞானதுரைக்குக் கிறுக்கு முற்றிவிட்டது என்று பஜார் சிரிக்கும். நான் செருப்பை எடுத்துக்கொண்டு போய் உன் கேட்டில் மாட்டிவிட்டு, கூப்பிடாமல் திரும்பி வருவேன். பல தடவை மாட்டியிருக்கிறேன். ஒரு தடவை கூப்பிட்டிருக்கலாம், இல்லையா?

இன்னொன்றும் செய்தேன், நீ சிரிப்பாய். உனக்கு ஏழரைச் சனி பிடித்திருக்கிறது என்று முடிவு கட்டி, குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போய் உன் பேரில் எள் தீபம் போட்டேன். குருக்கள் ராசி கேட்டார். உனக்கு ஏது ஜாதகம்? நீ பிறந்தது மழைக்காலம் என்று குத்துமதிப்பாகச் சொன்னேன். பேர் கேட்டார். ஞானதுரை என்றதும் நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் அர்ச்சனை பண்ணிக் கொடுத்தார். சனீஸ்வரன் என்ன செய்வார், பாவம். வியாதி மதுரையிலிருந்து டின்னில் வந்தது.

ஒரு நாள் கிட்டங்கியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். ஐம்பதுகூட ஆகவில்லை. எஸ்தருக்குத் தந்தி போனது. அவள் வரவில்லை. பாக்கியம்தான் காரியம் முடிந்து மகளோடு திண்டுக்கல்லுக்குப் போனது.

இப்போது செய்திக்கு வருகிறேன். நான் செருப்புக்காகக் கத்திய முருகேசன் டிப்ளமோ முடித்து, ஒரு ரேயான் ஆலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். என் மகன்தானா என்று எனக்கே சந்தேகம் வருகிற அளவுக்குப் படித்துவிட்டான். போன பொங்கலுக்கு வந்தவன், சாப்பிட்டுக்கொண்டே ஆலைக் கதை சொன்னான். நூல் இழுக்கிற பகுதியில் ஆட்களை நெடுநாள் ஒரே இடத்தில் வைப்பதில்லை, மாற்றிக்கொண்டே இருப்பார்களாம். அங்கே வருகிற ஆவி ஆளை மாற்றிவிடுமாம். சாதுவான மனுஷன் வீட்டில் பெண்டாட்டியை அடிப்பானாம், யாரைப் பார்த்தாலும் சந்தேகப்படுவானாம், கெட்ட கனவு காண்பானாம். கை நடுங்குமாம். காலில் உணர்ச்சி போய்விடுமாம்.

"செருப்பு கழண்டாக்கூடத் தெரியாதுப்பா" என்றான்.

என் வாயில் இருந்த சோறு அங்கேயே நின்றுவிட்டது. என்ன ஆவி என்று கேட்டேன். அவன் பெயரைச் சொன்னான். ஒரு மாதம் படாத பாடுபட்டு என் வாய் கற்றுக்கொண்ட பெயர்.

நாள்பட்டால் இதயத்தையும் அது விடாது என்றான். அறை எப்படி இருந்தது, எவ்வளவு நாள், எவ்வளவு கிட்டே என்று அவன் கேட்கக் கேட்க நான் சொல்லிக்கொண்டே போனேன். கடைசியில் அவன் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "டாக்டர் பாத்திருந்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்ப்பா. ஆனா ஞானதுரை மாமாவ நாம யாருமே சரியாப் பாக்கல" என்றான். நீ எங்களுக்கெல்லாம் கெட்டவனாகச் செத்துப்போனாய் மாப்ளே. எஸ்தருக்கு இதைச் சொல்லாமல் நான் சாகக் கூடாது என்று அன்றைக்குத் தோன்றியது.

திண்டுக்கல்லுக்குப் போனேன். எஸ்தருக்கு இப்போது உன் ஜாடை நன்றாக இறங்கியிருக்கிறது. "வாங்க மாமா" என்றாள், உட்காரச் சொன்னாள். நான் பேச்சை எடுத்ததும் முறத்தை இழுத்து வைத்துக்கொண்டு உளுந்தில் கல் பொறுக்க ஆரம்பித்தாள். முருகேசன் சொன்னதை எனக்குத் தெரிந்த மாதிரி, பாதி தப்பும் தவறுமாகச் சொன்னேன். பாக்கியம் சுவரோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது. "அப்பவே சொன்னேன்ல அண்ணே" என்று மட்டும் சொன்னது.

எஸ்தர் உடனே அழுதுவிடுவாள், எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைத்துக்கொண்டு போனேன். என் அறிவு அவ்வளவுதான். அவள் முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இத்தன வருசமா அந்தக் கோவத்த ஊணித்தான் மாமா நான் நின்னேன். இப்ப வந்து அவுக மேல தப்பில்லன்னா, அத நான் எங்கன எறக்கி வைக்க?"

உன் எல்லாக் கோபத்தையும் மருந்தின் தலையில் கட்ட எனக்கு மனசில்லை. உனக்குச் சொந்தக் கோபமும் கொஞ்சம் உண்டு, கம்பத்து வியாபாரி சரக்கைக் கீழே போட்ட அன்றைக்கே உன் முகத்தில் பார்த்தேனே. எது உன்னுடையது, எது அதனுடையது என்று வடித்துப் பிரிக்கிற குடுவை என்னிடம் இல்லை என்று சொன்னேன்.

முறத்தை ஒரு தடவை புடைத்துவிட்டு அவளே கேட்டாள். "அந்த ஞாயித்துக்கெழமைக்கு முந்துன நாளு, அந்த ரூமுக்குள்ள இருந்தாகளா?"

"இருந்தாரும்மா. காலையில போனவரு, பொழுது சாயத்தான் வெளிய வந்தாரு."

"மூணாம் ஓலைய வச்சுக்கிட்டு, கல்யாண வேலைய விட்டுப்போட்டு அங்க என்ன வேல?"

நான் எதைச் சொல்ல வந்தேனோ அதை அவளே கேட்டுவிட்டாள். அந்த வாரம் முழுக்க நீ வடித்தது கடைச் சரக்குக்கு இல்லை. அவள் கல்யாணப் பந்திக்கென்று நல்ல துவரையாகப் பார்த்துத் தனியே அடுக்கி வைத்திருந்தாயே, அந்த மூட்டைகளுக்கு. ரெண்டு தடவை வடித்தது போதாது என்று மூன்றாவது தடவையும் வடித்தாய். "எம் மக பந்தியில ஒருத்தன் முள்ளங்கி வாசம்னு சொல்லிறக் கூடாது மச்சான்" என்று என்னிடம் சொன்னாய். உன் கண் சிவந்திருந்தது. அதற்குப் பிறகு நீ என்னிடம் நல்லவிதமாகப் பேசிய பேச்சு எதுவும் இல்லை.

இதை அப்படியே சொன்னேன். எஸ்தரின் கை நின்றுவிட்டது.

"வெந்நி யாரு கொண்டுவந்தா?" என்றாள்.

"நாந்தாம்மா."

அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். ரொம்ப நேரம் வரவில்லை. தேவராஜ் எனக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்து, தலைமுடியெல்லாம் நரைத்துவிட்டதே மாமா என்று பேச்சை மாற்றப் பார்த்தான். வெளியே வந்தபோது அவள் முகம் கழுவியிருந்தாள். நான் கிளம்பி வாசல் வரை வந்துவிட்டேன். அப்போதுதான் பின்னால் நின்று சொன்னாள், "அவுகளுக்குப் பருப்பு வாசம்தானே மாமா பெரிசு" என்று. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஒரு மாதம் கழித்துத் தேவராஜ் வந்தான். எஸ்தர் குடும்பத்தோடு தேனிச் சபைக்கு வந்து, கர்த்தருக்கு நன்றி சொல்கிற ஸ்தோத்திரக் காணிக்கை வைக்கப் பிரியப்படுகிறாள் என்றான். கல்லறைக்கு வருவாளா என்று கேட்டேன். அதை அன்றைக்குப் பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறாளாம். நான் அதற்கு மேல் கேட்கவில்லை. அவசரப்பட்டு வெந்நீர் தூக்குகிற வேலையை நான் விட்டுவிட்டேன்.

உனக்குச் சொல்ல இன்னும் என்ன இருக்கிறது? வீட்டுக் கூரையெல்லாம் டி.வி. கம்பி முளைத்திருக்கிறது. உன் கிட்டங்கி இப்போது உரக்கடை. பின் அறையின் ஜன்னலை எடுத்துவிட்டு முழுசாகக் கதவே வைத்துவிட்டார்கள், காற்று தாராளமாக வருகிறது. பாண்டி சொந்தமாக மாட்டுவண்டி வைத்திருக்கிறான். உன்னைப் பற்றிச் சொன்னதும் கன்னத்தைத் தடவிக்கொண்டு, "அப்ப அந்த மொத அடி மட்டுந்தான் எனக்கா?" என்றான். ஆமாம் என்றேன். அதை ஏற்றுக்கொண்டான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை எஸ்தர் வருகிறாள். காணிக்கை வைப்பவர்களின் பேர்களைப் போதகர் பீடத்திலிருந்து வாசிப்பார். எஸ்தர், தேவராஜ் என்று அந்த ரெண்டு பேரும் அந்தச் சபையில் மறுபடி சேர்ந்து ஒலிக்கும். ஜன்னலோரம் மூன்றாவது வரிசையில் உன் இடத்தை எனக்குக் கேட்டு வாங்கியிருக்கிறேன். திருநீறைக் கொஞ்சம் மெல்லியதாகப் பூசிக்கொண்டு வருகிறேன் என்று போதகரிடம் சமாதானம் பேசியாகிவிட்டது.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் மாப்ளே. அந்தப் பேர்கள் வாசிக்கப்படும்போது, அன்றைக்கு நீ எழுந்த அதே இடத்தில் நான் உட்கார்ந்திருப்பேன். எழுந்திருக்க மாட்டேன். ஜெபத்துக்குச் சபையே எழுந்து நின்றாலும் எழுந்திருக்க மாட்டேன். கேட்டால் முட்டிவலி என்று சொல்லிக்கொள்கிறேன்.

என்றும் உன் மச்சான்,
எஸ்தரின் மாமா,
சாக்குக்கடை கருப்பையா